பாக்கெட்டில் கிடந்த துண்டுச் சீட்டு

1863-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊரில், பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஒரு கூட்டம். வந்திருந்தவர்களில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற இளம் ராணுவப் பொறியாளரும் ஒருவர். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைத் தலைமை தாங்கச் சொல்லிவிட்டார்கள். கோட்டை கட்டத் தெரிந்தவருக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது. ஆனால் மறுப்பது அதைவிடக் கேவலம் என்று தோன்றியதால் போய் உட்கார்ந்தார். அன்று பட்ட சங்கடம் அவரை விடவே இல்லை. கூட்டம் நடத்தும் முறைகளைக் கற்காமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

பிறகு ஏதோ ஒரு புத்தகத்தில் சில குறிப்புகள் கிடைத்தன. எந்தத் தீர்மானம் வந்தால் எது காத்திருக்க வேண்டும், எதன் மேல் விவாதம் கூடாது, எதற்குத் திருத்தம் கொண்டுவர முடியாது என்பன போன்றவைதான். அவற்றைத் துண்டுத்தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். சில ஆண்டுகள் அது போதும் என்றே நம்பியிருந்தார்.

1867-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றலானபோது அந்த நம்பிக்கை உடைந்தது. தங்கத்தைத் தேடியும் பிழைப்பைத் தேடியும் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த ஊர் அது. ராபர்ட்டும் அவர் மனைவி ஹெலனும் சேர்ந்து வேலை செய்த சங்கங்களில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கத்தையே சட்டம் என்றார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எப்படிப் பேசுவது என்ற சண்டையிலேயே, பேச வந்த காரியம் நின்றுபோனது. கமிட்டியில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் இந்த வேதனை புரியும்.

ராபர்ட் நூல்களைத் தேடினார். தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்க செனட்டுக்குத் தலைமை வகித்த காலத்தில் தொகுத்து 1801-ல் வெளிவந்த கையேடு இருந்தது. அது பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கங்களிலிருந்து எடுத்தது. லூதர் குஷிங் எழுதிய கையேடும் இருந்தது. ஆனால் நூலுக்கு நூல் முரண்பாடு. சட்டமன்றத்துக்கு என்று செய்த விதிகள் மாதர் சங்கத்துக்கும் தேவாலயக் குழுவுக்கும் அப்படியே பொருந்தவில்லை. தம் சங்கங்களுக்காகவே சுமார் 16 பக்கத்தில் ஒரு சிறு வெளியீட்டை 1869-ல் அச்சிட்டுப் பார்த்தார். போதவில்லை.

வழி திறந்துவிட்டது குளிர்தான். 1874 ஜனவரியில் அவர் மில்வாக்கியில் இருந்தார். கடுங்குளிரால் துறைமுக வேலைகள் வாரக்கணக்கில் நின்றன. அந்த ஓய்வில் எழுத உட்கார்ந்தார். கூட்டத்தையே பார்த்திராதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு பகுதி வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஹெலன். புத்தகத்தின் இரண்டாம் பகுதி அப்படித்தான் வந்தது. அந்தப் பெண்மணியின் பெயர் அட்டையில் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பதிப்பாளர் கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் 4,000 பிரதிகள் அச்சடித்தார். அச்சகத்தில் அச்செழுத்துகள் போதாமல், 16 பக்கம் கோத்து அச்சிட்டுவிட்டு, அதே எழுத்துகளைப் பிரித்து அடுத்த 16 பக்கம் கோத்தார்கள். 1,000 பிரதிகளைக் கல்வியாளர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், தேவாலயத் தலைவர்கள் என்று இலவசமாக அனுப்பிவைப்பதாக ராபர்ட் ஒப்புக்கொண்ட பிறகே சிகாகோவின் கிரிக்ஸ் நிறுவனம் வெளியிட முன்வந்தது. 1876 பிப்ரவரி 19 அன்று 176 பக்கங்களில் புத்தகம் வெளிவந்தது. ‘ராபர்ட்டின் ஒழுங்கு விதிகள்’ என்று அட்டையில் போட்டது பதிப்பாளர்தான். இரண்டு ஆண்டு தாங்கும் என்று நினைத்த பிரதிகள் நாலே மாதத்தில் தீர்ந்தன.

உள்ளே என்ன இருந்தது? ஒரு நேரத்தில் ஒரு விஷயம். பேச்சு தலைவரைப் பார்த்தே இருக்க வேண்டும், எதிரியைப் பார்த்து அல்ல. ஒரு தீர்மானத்தின் மேல் ஒருவர் இரண்டு முறை பேசலாம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். பேச விரும்பும் எல்லோரும் ஒரு முறை பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாம் முறை கிடையாது. நான் மிகவும் மதிப்பது இந்த விதியைத்தான். உரத்த குரல் உள்ளவர் இதன் முன்னால் காத்திருந்தே ஆக வேண்டும்.

விவாதத்தை நிறுத்த வேண்டுமென்றால் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அடுத்தவர் வாயை மூடுவது ஓர் உரிமையைப் பறிப்பது என்பதால் அதற்கான விலை அதிகம். வராதவருக்கும் இந்த ஏற்பாட்டில் உரிமை உண்டு. முன்னறிவிப்பும், இத்தனை பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச வருகை விதியும் அவருக்காகத்தான். எல்லோரும் எழுந்துபோன பிறகு நாலு பேர் உட்கார்ந்து சந்தாவை உயர்த்திவிட முடியாது.

“முன்மொழிகிறேன்”, “வழிமொழிகிறேன்” என்று நம் சங்கங்களில் சொல்கிறோமே, அவை பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கத்தின் வழியாக நமக்கு வந்தவை. ராபர்ட்டின் விதிகளுக்கும் அதே வேர்தான். ஆனால் வழிமொழிபவரை ஆதரவாளர் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ராபர்ட்டின் முறையில் அப்படி இல்லை. இதைப் பேசத் தகும் என்று இன்னொருவரும் நினைக்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். எதிர்த்து வாக்களிக்கப் போகிறவர்கூட வழிமொழியலாம்.

1900-ஆம் ஆண்டின் பெரும்புயல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரை அழித்த பிறகு, அங்கே கடற்சுவர் எழுப்பத் திட்டம் தந்த மூன்று பொறியாளர்களில் ராபர்ட்டும் ஒருவர். அதன் பிறகும் புத்தகத்தை விடவில்லை. மூன்று ஆண்டு உழைத்துப் பெரிதும் திருத்திய பதிப்பை 1915-ல் கொண்டுவந்தார். 1923-ல் காலமானார். 1970-ன் புதிய பதிப்பை அவர் மருமகள் சாரா கார்பின் ராபர்ட் முன்னின்று தயாரித்தார். 2020-ல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு 700 பக்கங்களைத் தாண்டுகிறது. தடிமன் ஏறிக்கொண்டே போனதால், அதைத் தயாரிக்கும் குழுவினரே சாதாரண உறுப்பினருக்கென்று ஒரு சுருக்க நூலையும் எழுத வேண்டிவந்தது. பெரிய நூலை நான் முழுதாகப் படித்ததில்லை. முழுதாகப் படித்தவர்தான் கூட்டத்தில் பேசலாம் என்ற நிலை வந்தால், அது ராபர்ட் தொடங்கிய வேலைக்கே எதிரானது.

அதனால் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக ஓர் அட்டையில் நாலு வரி எழுதி மாட்டினோம். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். தலைவரைப் பார்த்துப் பேசவும். எல்லோரும் ஒரு முறை பேசிய பிறகே இரண்டாம் முறை. வழிமொழிந்தால் விவாதிப்போம். அடுத்த கூட்டத்தில், அதுவரை வாயே திறக்காத மூன்றாம் மாடி அம்மா எழுந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போடும் தண்ணீர் மோட்டாரை ஆறு மணிக்கு மாற்றலாம் என்று முன்மொழிந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பும் எதிர்வீட்டுக்காரர்தான் எழுந்தார். “எனக்கு இதில் உடன்பாடில்லைம்மா. ஆனா பேச வேண்டிய விஷயம். வழிமொழிகிறேன்” என்றார்.