நாதமுனிகளும் பத்து சிடி செட்டும்

ஆடியோ சிடியைக் கணினியில் போட்டதும் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் திரையில் வந்துவிடும். அதெல்லாம் சிடிக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான சிடிகளில் அப்படி எதுவும் கிடையாது. ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் வகுத்த 'ரெட் புக்' முறைப்படி, சிடியின் தொடக்கத்தில் ஒரு சின்ன அட்டவணைதான் இருக்கும். மொத்தம் எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே அதன் முக்கியமான தகவல். 1996-ல் 'சிடி டெக்ஸ்ட்' என்று ஒரு வசதி வந்தது, ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அதைப் பயன்படுத்தவில்லை. பெயர்களை நம் கணினி இணையத்தில் இருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுத்து வருகிறது.

ஒற்றை சிடி என்றால் இதனால் பெரிய தொல்லை இல்லை. பத்து சிடி கொண்ட செட் என்றால்தான் சிக்கல். தான் நான்காவது என்பது நான்காவது சிடிக்கே தெரியாது. எல்லா சிடியிலும் டிராக் எண் 1-லிருந்துதான் தொடங்கும். பத்தையும் ஒரே ஃபோல்டரில் ரிப் செய்தால் '01' என்று பத்துக் கோப்புகள் முட்டிக்கொள்ளும். அட்டைப்பெட்டி தொலைந்து, தட்டுகளும் கலைந்துபோனால் எது முன், எது பின் என்று யாரைக் கேட்பது?

இது சிடியோடு பிறந்த கவலை இல்லை. நீளமான படைப்பைத் துண்டு துண்டாக வைக்க வேண்டி வந்தபோதெல்லாம் வந்த கவலைதான். 78 ஆர்.பி.எம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். 1909-ல் ஓடியன் கம்பெனி சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசையை நான்கு தட்டுகளாக வெளியிட்டது. இப்படிப்பட்ட தொகுதிகளைப் புத்தகம் மாதிரி பைண்டு செய்த உறைகளில் போட்டு விற்றார்கள். போட்டோ ஆல்பம் போல இருந்ததால் அதற்கும் ஆல்பம் என்றே பெயர் வந்தது. தமிழில் நாடகங்கள் 'நாடக செட்' என்று பல தட்டுகளாக வந்ததும் இந்த வகையில்தான். பிறகு தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும் கருவி வந்தது. அதற்காக முதல் தட்டின் மறுபக்கம் இரண்டாம் பாகத்தைப் போடாமல் எட்டாம் பாகத்தைப் போட்டார்கள். இரண்டாம் தட்டில் 2-ம் 7-ம், மூன்றாவதில் 3-ம் 6-ம், நான்காவதில் 4-ம் 5-ம். நான்கும் பாடி முடிந்ததும் அடுக்கை அப்படியே திருப்பிப் போட்டால் 5, 6, 7, 8 வரிசையாக வரும். தட்டின் வரிசை வேறு, பாட்டின் வரிசை வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதே சிக்கலுக்கு நம் தாமிரபரணிக் கரையில் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ஒரு விடை இருந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை அது நெல்லை மாவட்டத்து ஊர்தான். பழைய பெயர் குருகூர். நம்மாழ்வார் என்கிற சடகோபன் அவதரித்த தலம்.

அவர் பாடிய திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். பாசுரத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால்கூட 551 நிமிடம் ஆகும். 80 நிமிட சிடியில் ஏழு வேண்டும். நிறுத்திப் பாடினால் இன்னும் அதிகம். ஆனால் பனையோலையில் எழுதுவதற்கு முன்பே அதன் வடிவத்தை யாரோ உட்கார்ந்து திட்டமிட்டது போல இருக்கிறது. மொத்தம் பத்துப் பத்து, ஒவ்வொரு பத்திலும் பத்துத் திருவாய்மொழி, ஒவ்வொரு திருவாய்மொழியிலும் 11 பாசுரம். திருமாலின் பன்னிரண்டு நாமங்களைப் பாடும் ஒன்றில் மட்டும் 13. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 99 தடவை 11, அதோடு 13, மொத்தம் 1102.

ஒவ்வொரு திருவாய்மொழியின் கடைசிப் பாசுரத்திலும் ஒரு முத்திரை உண்டு. பாடியவன் குருகூர்ச் சடகோபன், மொத்தம் ஆயிரம், அதில் இது ஒரு பத்து என்ற செய்தி பெரும்பாலும் அங்கே வந்துவிடும். இன்றைய மொழியில் ஆர்ட்டிஸ்ட், ஊர், மொத்த எண்ணிக்கை என்று மூன்று டேக். எத்தனையாவது பத்து என்ற எண் மட்டும்தான் இல்லை. அதையும் அந்தாதி தந்துவிடுகிறது. ஒரு பாசுரம் முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும். ஒரு திருவாய்மொழியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதும் சங்கிலி அறுவதில்லை. கடைசிப் பாசுரத்தின் கடைசிச் சொல் முதல் பாசுரத்தின் முதல் சொல்லைப் போய்த் தொடுகிறது. ஓலைகள் கலைந்துபோனாலும் சொல்லைப் பிடித்துக்கொண்டே அடுக்கிவிடலாம்.

இது வெறும் அழகுக்காகவா? குருபரம்பரை சொல்லும் கதையைப் பாருங்கள். காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்தபோது வெளியூரிலிருந்து வந்த வைணவர்கள் குடந்தைப் பெருமாள் மேல் ஒரு திருவாய்மொழியைப் பாடினார்கள். கடைசிப் பாசுரத்தில் ஆயிரம் என்று வருவதைக் கேட்டதும், மற்றவை எங்கே என்று அவர் கேட்டார். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர்ப் பெயர்தான் பாட்டிலேயே இருக்கிறதே! நாதமுனிகள் குருகூருக்கே வந்தார். மதுரகவியாழ்வார் வழிவந்த பராங்குசதாசரிடம் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' கற்று, அதைப் பன்னிரண்டாயிரம் தடவை ஓதினார். நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்பது மரபு. இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதை எந்த இடத்தில் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். கையில் கிடைத்த ஒரே ஒரு துண்டில் பாடியவர் பெயரும் மொத்தக் கணக்கும் இருந்தன. அந்த இரண்டும் இல்லாவிட்டால் தேடவேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

நாதமுனிகள் அதோடு நிற்கவில்லை. கிடைத்தவற்றை முதலாயிரம், பெரிய திருமொழி, இயற்பா, திருவாய்மொழி என்று நான்கு பகுதியாக வகுத்தார். இசையோடு தன் மருமகன்கள் இருவருக்கும் கற்பித்தார். அரையர் சேவை இந்த வழியில் வந்ததுதான். இன்றும் மார்கழியில் இராப்பத்து பத்து நாளும் திருவாய்மொழி வரிசையாக ஓதப்படுகிறது. நாளுக்கு ஒரு பத்து என்று பத்து நாளில் செட் முடிந்துவிடும்.

சைவத்தின் பக்கம் கதை வேறு மாதிரி. தேவார ஏடுகள் தில்லையில் கரையான் அரித்துக் கிடந்ததாகவும், மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்ததாகவும் மரபு. இன்று இருப்பவை ஏறக்குறைய 800 பதிகங்கள். சம்பந்தரும் பதிகத்தின் முடிவில் தன் பெயரைச் சொல்கிறார்தான். ஆனால் மொத்தம் எத்தனை என்ற கணக்கைப் பதிகம் சொல்வதில்லை, பதிகங்களைக் கோக்கும் அந்தாதியும் இல்லை. அதனால் எவ்வளவு போயிற்று என்பதைப் பதிகங்களை வைத்து அறிய வழியில்லை.

தேவாரத்திடம் கற்க வேறொன்று இருக்கிறது. அதைப் பண்முறையாகவும் அடுக்குவார்கள், தலமுறையாகவும் அடுக்குவார்கள். நம் நெல்லையப்பர் மேல் சம்பந்தர் பாடியது பண்முறையில் மூன்றாம் திருமுறையில் வரும். தலமுறையில் குற்றாலப் பதிகங்களோடு பாண்டிநாட்டில் வரும். பாட்டு ஒன்று, வரிசை இரண்டு. ஃபோல்டரில் போட்டால் ஒரு வரிசைதான் முடியும். டேக்கில் இருந்தால் இரண்டும் முடியும்.

இனி நம் ரிப்பிங்குக்கு வருவோம். 1990-களில் வந்த சிடிடிபி என்ற இணையப் பட்டியல், டிராக்குகளின் நீளத்தை வைத்து சிடியை அடையாளம் கண்டது. ஒவ்வொரு தட்டும் தனிப் பதிவு. ஒருவர் 'டிஸ்க் 1' என்று எழுதுவார், இன்னொருவர் 'சிடி-2' என்பார், மூன்றாமவர் 'வால்யூம் மூன்று' என்பார். ஒரே செட் மூன்று ஆல்பமாகச் சிதறும். அதன் வழியில் வந்த ஃப்ரீடிபி 2020-ல் மூடப்பட்டது. மியூசிக்பிரெயின்ஸ் என்ற பட்டியலும் 2011 வரை தட்டின் எண்ணை ஆல்பம் பெயரோடு ஒட்டித்தான் எழுதி வந்தது. அந்த வருடம்தான் ஒரு வெளியீடு, அதற்குள் பல தட்டுகள் என்று மாற்றி அமைத்தார்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஆல்பம் பெயரை எல்லாத் தட்டுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக வையுங்கள். டிஸ்க் எண்ணுக்கு என்றே எம்பி3, ஃப்ளாக் இரண்டிலும் தனி இடம் உண்டு. அதில் '4' என்று மட்டும் போடாமல் '4/10' என்று மொத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். கோப்பின் பெயரிலும் 0401, 0402 என்று தட்டு எண், டிராக் எண் இரண்டும் இருக்கட்டும். முன்னால் பூஜ்யம் போடாவிட்டால் சில கருவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

திருவாய்மொழி சிடி கலைந்தால் பெரிய நஷ்டமில்லை, புத்தகத்தைப் பார்த்து அடுக்கிவிடலாம். எனக்குக் கவலை வேறு. நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடியப் பாடும் வில்லுப்பாட்டுக் கதைகள் கேசட்டிலும் சிடியிலும் பல பாகங்களாக வந்திருக்கின்றன. பல கதைகளை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாகப் பாடும். ஒப்பிட்டுப் பார்க்க அச்சுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் கிடையாது. இணையப் பட்டியல்களில் தேடினாலும் இப்படிப்பட்ட உள்ளூர் சிடிகள் கிடைப்பது அபூர்வம். அட்டையில் இருக்கும் குழுவின் பெயரும் பாக எண்ணும் மட்டுமே ஆதாரம், அந்த அட்டைதான் முதலில் கிழிகிறது. வீட்டில் அப்படி ஒரு செட் இருந்தால் அதை முதலில் ரிப் செய்யுங்கள். கதையின் பெயர், பாடியவர், ஊர், எத்தனையில் எத்தனையாவது என்ற நான்கையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அட்டையையும் ஒரு போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஒரு சிடிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாத வேலை.