பங்சார் தொகுதியும் தோட்டத்துப் பள்ளிக்கூடமும்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இன்றைக்கும் வயிறு எரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமாகக் கூலி வேண்டும். பெண்களிடம் வாலாட்டக் கூடாது. கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது.

படிப்புக்கு ஏற்கெனவே சட்டம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும். நடத்தினார்கள், ஏதோ ஒரு கொட்டகையில். வாத்தியார் வேலையைப் பல இடங்களில் கங்காணியோ கிராணியோ சேர்த்துப் பார்த்தார். மழை பெய்து பால்வெட்டு இல்லாத நாளில் வகுப்பு நன்றாக நடக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கூட்டரசு ஆலோசனை மன்றத்தில் 1928இல்தான் எஸ். வீராசாமி என்ற வழக்கறிஞர் முதல் இந்தியராக உட்கார்ந்தார். அதுவும் வெள்ளைக்காரன் பார்த்துக் கொடுத்த நியமனம். லயத்தில் இருந்தவனுக்கு ஓட்டும் இல்லை, ஆளும் இல்லை. அதனால்தான் தமிழ் நேசனில் வேலை பார்த்த ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தையே மன்றமாக்கினார்கள். 1941 மே மாதம் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை, பட்டாளம், துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் பால்வெட்டுக்காரர்கள்.

ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் நாடாளுமன்றத்தில் பேசுவதைக் கேட்க 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது இப்போதிருக்கும் நாடாளுமன்றக் கட்டடம் கிடையாது. அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் கூட்டம். 104 இடங்களில் கூட்டணிக் கட்சிக்கு 74. சோசலிஸ்ட் முன்னணிக்கு வெறும் 8. அந்த எட்டுப் பேரில் ஒருவர், பங்சார் தொகுதியின் வி. டேவிட். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் ஒட்டிக்கொண்ட ரப்பர் தோட்டம் பங்சார். அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே தொகுதி.

என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை. டேவிட் பெயரை எடுத்தாலே, “ஜெயிலப் பாத்துட்டு வந்தவருப்பா” என்பார். பெருமையாகத்தான் சொல்வார். தொழிற்சங்கக்காரரான டேவிட்டை 1958இல் தடுப்புக்காவலில் வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே எம்.பி. கிள்ளானில் ஜெயித்தவர் ம.இ.கா.வின் வெ. மாணிக்கவாசகம். இவர் ஆளுங்கட்சி, காரியத்தை மந்திரி அறைக்குள் போய்ப் பேசக்கூடியவர். எங்கள் வீட்டில் அப்பா டேவிட்டுக்கும் தாய்மாமன் மாணிக்கவாசகத்துக்கும் கட்சி. அறைக்குள் பேசியது பதிவேட்டில் ஏறாது. மன்றத்தில் எழுந்து நின்று கேட்டதுதான் ஏறும். பதவி ஓய்வுக்குப் பிறகு பழைய நாடாளுமன்றப் பதிவுகளைப் புரட்டும் எனக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே அப்பா கட்சி பிடிக்கும்.

1961இல் புதிய கல்விச் சட்டம் வந்தது. தொடக்கநிலைத் தமிழ்ப்பள்ளி நிலைத்தது. அதற்கு மேல் தமிழில் படிப்பு இல்லை, இடைநிலைப்பள்ளிக்குப் போக ஓராண்டு புகுமுக வகுப்பு. சபையில் பேசவேண்டியதுதான். ஆனால் பள்ளிகளின் அடிமடியில் கை வைத்தது சட்டம் அல்ல, தோட்டத் துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். வேலை போனால் லயத்து வீடு போகும்; வீடு போனால் பிள்ளை போகும்; பிள்ளை போனால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பியது இதனால்தான். கோளாறு நிலத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்ட அரசியல்வாதி அவர்.

மற்றவர்கள் சபையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளியைப் பற்றிக் கேட்டால் கல்வி மந்திரி பதில் சொல்வார். கூலியைப் பற்றிக் கேட்டால் தொழிலாளர் மந்திரி. நிலத்தைப் பற்றிக் கேட்டால்? நம் அரசமைப்புச் சட்டப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். 1974இல் கூட்டரசுப் பிரதேசம் ஆகும்வரை கோலாலம்பூரே சிலாங்கூர் நிலம்தான். ஆகப் பள்ளியும் பிழைப்பும் எதன்மேல் நின்றனவோ, அதைப் பற்றிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அந்த மண்டபத்திலேயே இல்லை. டேவிட் எவ்வளவு கத்தினாலும் இதுதான் கதி.

1964இல் பங்சாரில் டேவிட் தோற்றார்; ஜெயித்தவர் தேவன் நாயர். தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சி பிடித்த ஒரே இடம். பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான அதே தேவன் நாயர்தான். 1969இல் தொகுதி கோ ஹொக் குவானிடம் போனது. ஆள் மாறினார்கள், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரனின் நிலைமை மாறவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் 1969இல் இறுகியபோது சுமார் 60 ஆயிரம் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பல் ஏறினார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டு இல்லாதவருக்கு எந்தத் தொகுதியும் சொந்தமில்லை.

டேவிட் விடவில்லை. 1978இல் டாமன்சாரா, 1986இல் பூச்சோங். தோட்டங்கள் தாமானாக மாறிக்கொண்டிருந்த ஊர்களின் எம்.பி. ஆனார். 1987இல் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் மறுபடியும் உள்ளே. பங்சார் தோட்டம் அதற்குள் பணக்காரர் குடியிருப்பாகிவிட்டது.

நான் கடைசியாகப் பணிபுரிந்தது கிள்ளான் பக்கம், பெயரில் மட்டும் தோட்டம் மிச்சமிருந்த பள்ளி ஒன்றில். ஹைலண்ட்ஸ், எமரால்டு, ஜாலான் ஆக்கோப் எனக் கிள்ளானில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்னும் ‘லாடாங்’ இருக்கிறது. எங்கள் பள்ளியில் கூரை ஒழுகியது. பழுதுபார்க்க எழுதினால், நிலம் அரசாங்கத்துடையது அல்ல, நீங்கள் பகுதி உதவி பெறும் பள்ளி என்று பதில் வரும். முழு உதவி, பகுதி உதவி என்ற பிரிவே பெரும்பாலும் நிலம் யாருடையது என்பதில்தான் நிற்கிறது. 1957இல் 880க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐத் தாண்டவில்லை.

2008 முதல் 2022 வரை கிள்ளானுக்குச் சார்ல்ஸ் சந்தியாகோ, இப்போது வீ. கணபதிராவ். இவர்களிடமும் நாம் பெரும்பாலும் கேட்பது மானியம்தான். கூரைக்கு மானியம், கணினிக்கு மானியம். கொடுத்தால் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை உங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எம்.பி. வந்து பெரிய மாதிரிக் காசோலையை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: இந்தப் பள்ளி நிற்கும் நிலத்தின் கெரான் (நிலப்பட்டா) யார் பெயரில் இருக்கிறது? எம்.பி.யோடு நிறுத்தாமல் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். நில அலுவலகம் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது.