முகரும் போதையும் வீட்டின் முதல் எதிர்வினையும்

இந்தியாவில் போதைப் பழக்கத்தின் அளவு பற்றி 2019இல் வெளியான தேசிய ஆய்வில் ஒரு கணக்கு தனித்து நிற்கிறது. எய்ம்ஸின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய ஆய்வு அது. பெரியவர்களைவிடச் சிறுவரிடம் கூடுதலாகப் புழங்குவது முகரும் பொருள் ஒன்றே என்று அது கண்டது: 10 முதல் 17 வயது வரையிலானோரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெட்ரோல் ஆகியவை இவ்வகையில் அடங்கும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக, போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்ட 4,024 சிறுவரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு, பழக்கம் தொடங்கும் சராசரி வயதையும் தந்தது: புகையிலை 12.3, முகரும் பொருள் 12.4, மது 13.6. அதாவது, மதுவுக்கு ஓராண்டு முன்னதாகவே, ஏழாம் வகுப்பு வயதிலேயே சொல்யூஷன் குழாய் வந்துவிடுகிறது. நம் பள்ளிகளின் விழிப்புணர்வுப் பேச்சோ பெரும்பாலும் கஞ்சாவையும் மதுவையும் சுற்றியே நடக்கிறது.

பெற்றோருக்கு வழக்கமாகத் தரப்படும் அறிவுரை ‘பிள்ளையைக் கண்காணியுங்கள்’ என்பது. முகரும் போதையைப் பொறுத்தவரை இந்த அறிவுரை மிகக் குறைந்த தூரமே செல்லும் என்பதும், பிள்ளை தானாக வாய்திறந்து சொல்வதே பெற்றோருக்கு எஞ்சும் முதன்மையான வழி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பையைச் சோதித்தால் கிடைப்பது எழுதுபொருளோ சைக்கிள் ஒட்டும் சாமானோதான். இரண்டுமே பள்ளிப் பிள்ளையிடம் இருக்கத் தக்கவை. புட்டியில் அடைத்த ஒயிட்னரையும் தின்னரையும் சில்லறையில் விற்பதற்கு மத்திய அரசு 2012இல் தடை விதித்தது. ஆனாலும் பஞ்சர் கடையிலும் பெயின்ட் கடையிலும் கரைப்பான்களுக்குக் குறைவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். போதை சில நிமிடங்களில் ஏறி விரைவில் இறங்கிவிடும். மாலையில் வேலை முடிந்து வரும் தாய் காண்பது சற்றுச் சோர்ந்த பிள்ளையைத்தான். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையிலும் இது தென்படாது. சட்டைக் கையில் கறை, மூச்சில் கரைப்பான் நெடி, வாயையும் மூக்கையும் சுற்றிச் சொறி, தொடர் தலைவலி, பசியின்மை ஆகியவை அடையாளங்கள்தாம். ஆனால் இவை கண்ணில் படும் அளவுக்கு வரும்போது பழக்கம் ஊறிப்போயிருக்கும்.

அதற்குள் உடலில் நடப்பது சிறியதன்று. தின்னரிலும் பல பசைகளிலும் உள்ள டொலுவீன் கொழுப்பில் எளிதாகக் கரையும். மூளை நரம்பிழைகளின் உறையோ கொழுப்பு மிகுந்தது. ஆண்டுக்கணக்கில் முகர்ந்தால் அந்த உறை சிதைந்து நடை தள்ளாடும், கை நடுங்கும், நினைவும் கவனமும் மழுங்கும். மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருப்பதால், பன்னிரண்டு வயதில் தொடங்கும் சேதம் இன்னும் கட்டி முடியாத மூளையில் விழுகிறது. டொலுவீன் சிறுநீரகத்தைப் பாதித்துப் பொட்டாசியத்தை வடியச் செய்வதால், திடீரெனக் கைகால் வலுவிழந்து மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. சில பசைகளிலுள்ள ஹெக்சேன் கைகால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அஞ்சவைப்பது இதயத்தைப் பற்றிய உண்மை. 1970இல் மில்லார்ட் பாஸ் என்ற ஆய்வாளர் ஆவிகளை முகர்ந்த அமெரிக்க இளையோரிடையே நேர்ந்த 110 திடீர் மரணங்களைத் தொகுத்து வெளியிட்டார். கரைப்பான் ஆவி, அட்ரினலினுக்கு இதயம் மிகையாக எதிர்வினை புரியும்படி செய்துவிடுகிறது. அந்த நிலையில் பிள்ளை திடுக்கிட்டாலோ, ஓடினாலோ, அடிக்கு அஞ்சிப் போராடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். முதல்முறை முகரும் பிள்ளைக்கும் இது நேரலாம். ஆகவே, பிடிபட்ட பிள்ளையைத் துரத்துவதும் அந்த இடத்திலேயே அறைவதும் உயிருக்கே ஆபத்து. மெதுவாகப் பேசி, பொருளை வாங்கி அப்புறப்படுத்தி, சன்னல்களைத் திறந்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு உட்காரவைக்க வேண்டும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். விசாரணை மறுநாளைக்கு இருக்கட்டும்.

மறுநாள் விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஆய்வுலகின் ஒரு பழைய விவாதம் நமக்கு உதவுகிறது. பெற்றோர் ‘கண்காணிக்கும்’ பிள்ளைகள் தவறுவது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. சுவீடனில் 14 வயதினரிடமும் அவர்கள் பெற்றோரிடமும் தரவு திரட்டிய ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் அந்த முடிவைப் பிரித்துப் பார்த்தனர். முந்தைய ஆய்வுகள் அளந்தது பெற்றோருக்கு எவ்வளவு தெரியும் என்பதை. அது எப்படித் தெரியவந்தது என்பதை அன்று. பெற்றோர் அறிந்தவற்றில் பெரும்பகுதி, கேட்காமலே பிள்ளை தானாகச் சொன்னது; துருவிக் கேட்டும் கெடுபிடி செய்தும் பெற்றது குறைவு. இதற்கு மறுப்பும் எழுந்தது. தவறே செய்யாத பிள்ளைக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் அது சொல்கிறது என்று வாதிடலாம். பெற்றோர் விதிக்கும் கட்டுப்பாட்டுக்கும் நேரடிப் பயன் உண்டு என்று 2004இல் ஃபிளெட்சரும் ஸ்டைன்பர்க்கும் காட்டினர். இரண்டையும் ஏற்கிறேன். இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, யாருடன் போவது என்ற விதிகள் எந்த வீட்டுக்கும் தேவை. ஆனால் விதி செயல்பட அது மீறப்பட்டது தெரிய வேண்டும். முகரும் போதையில் அது தெரியவரும் வழி, மேலே கண்டபடி, பிள்ளையின் வாய்தான்.

அந்த வாயை நம் வீடுகள் எப்படி அடைக்கின்றன? பெரும்பாலும் தாய்க்குத்தான் முதலில் தெரிகிறது. “அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு” என்று அவர் மறைக்கிறார். வெளியே தெரிந்தால் அக்காவின் திருமணம் தடைபடும் என்ற அச்சமும் சேர்கிறது. தந்தைக்குத் தெரியும் நாளில் அடி விழுகிறது. இரண்டிலும் அன்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சொன்னால் அம்மா அழுவாள், அப்பா அடிப்பார் என்று கற்ற பிள்ளை அடுத்தமுறை சொல்லாது. எனவே என் பரிந்துரை குறுகியது: உண்மையைச் சொன்னதற்காகத் தண்டனை இல்லை என்ற உறுதி வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதற்குப் பெற்றோர் இருவரும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். தாய் மறைக்கத் தேவையில்லாத வீடாக அதை ஆக்கும் பொறுப்பு தந்தையுடையது.

காவல்துறை அச்சத்தையும் களைய வேண்டும். ஒயிட்னரும் சொல்யூஷனும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதில்லை; அவற்றை முகர்ந்த சிறுவன் அச்சட்டப்படி குற்றவாளி அல்லன். கஞ்சா போன்றவற்றிலும், சிறிய அளவு வைத்திருந்து தாமாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டவருக்கு 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. மத்திய அரசின் 14446 என்ற உதவி எண் கட்டணமற்றது. முகரும் போதைக்கென்று தனி மருந்து கிடையாது. மாதக்கணக்கில் நீளும் ஆலோசனையும் குடும்பத்தின் பங்கேற்பும்தான் சிகிச்சை. இடையில் பிள்ளை மறுபடி முகர்வதும் நடக்கும். அப்போது அது வந்து சொன்னால், சிகிச்சை வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வீடு இவ்வளவையும் செய்தாலும் பள்ளி அதை ஒரே நாளில் கெடுத்துவிட முடியும். ‘டிசி வாங்கிட்டுப் போங்க’ என்று அனுப்பப்படும் பிள்ளைக்குப் பகல் முழுதும் வெறுமையாகிறது. பஞ்சர் கடை வாசலில் கூட்டாளிகள் காத்திருக்கிறார்கள். டிசி தரப்பட்டதைப் பார்த்த வகுப்புத் தோழர்களும் இனி யாரிடமும் சொல்லமாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் டிசி தரலாகாது, ஆலோசகரிடம்தான் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிப் பள்ளியிடம் வலியுறுத்த அந்தக் குழுவால் முடியும். அடுத்த கூட்டத்திலேயே அதைச் செய்யலாம்.