புள்ளும் பெயரும்: மலையகப் பறவையியலின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

பறவைகளைத் தேடிச் சென்று அவதானிப்பது ஓய்வும் வசதியும் உடைய வகுப்பினரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நமது முற்போக்கு வட்டாரங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கூலி, காணி, வீடு ஆகிய பிரச்சினைகள் தீராது கிடக்கையில் மலையகத்துக் குருவிகளைப் பற்றிப் பேசுவது யாருக்காக என்ற வினா எழுப்பப்படுவதுண்டு. வினா நியாயமானதே. ஆனால் அதற்கு நாம் இதுவரை அளித்து வந்த விடை, அதாவது அவ்விடயத்தை முற்றாகப் பிறரிடம் விட்டுவிடுதல், ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஒரு நிலப்பகுதியின் உயிரினங்கள் பற்றிய அறிவு எவ்வாறு உருவாயிற்று, அதில் யாருடைய உழைப்பு அடங்கியுள்ளது, அது யாருடைய பெயரிற் பதிவாயிற்று என்பன சமூக வரலாற்றின் வினாக்களாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டைச் சான்றாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இதனை எழுதுவதற்கும் ஒரு பொருத்தம் உண்டு. மலையிலிருந்து மாட்டுவண்டியிலும், 1867 இல் கண்டிக்கான இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர் புகைவண்டியிலும் இறங்கிய கோப்பி, இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள துறைமுகத்தினூடாகவே கப்பலேறிற்று. அதே காலத்திலேதான் மலைநாட்டுப் பறவைகளின் பாடம் செய்யப்பட்ட தோல்களும் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் சென்றன. இவ்விரு ஏற்றுமதிகளையும் ஒன்றோடொன்று தொடர்புறுத்திப் பார்த்தல் வேண்டும்.

2

முதற்கண் நமது இலக்கிய மரபு கூறுவதை நோக்குவோம். தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியவற்றோடு புள்ளையும் ஒன்றாக வைக்கின்றது. மரபியலோ பறவை, விலங்கு ஆகியவற்றின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் தனியாக வகுத்துரைக்கின்றது. தமிழாய்வாளர் பலர் இவற்றைச் செய்யுள் வழக்கு என்ற அளவிலேயே விளக்கி அமைவர். ஆனால் வழக்கு என்பது வெறும் கற்பனையிலிருந்து தோன்றுவதன்று. குறிஞ்சிப் பாடல்களில் தலைவி தினைப்புனத்துப் பரண்மீது இருந்து கிளி ஓட்டுகின்றாள். தட்டையும் தழலும் குளிரும் அவள் கைக்கருவிகள். அப்புனம் தலைவனைக் காணும் களமாவதற்கு முன்னர் அது வேலைத்தலமாகும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கிளிக்கூட்டம் எத்திசையிலிருந்து, எவ்வேளையில் இறங்கும் என்பதை அறியாதவளால் விளைச்சலைக் காத்தல் இயலாது. பறவையை நுணுகி நோக்கும் பழக்கம் உற்பத்திச் செயலோடு ஒட்டிப் பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மக்கள் வழக்கிலுள்ள பறவைப் பெயர்களும் இதனையே உணர்த்துகின்றன. மீன்கொத்தி, மரங்கொத்தி என்பன பறவையின் தொழிலைச் சுட்டும் பெயர்கள். ஆட்காட்டி என்னும் பெயர் இன்னும் சிறப்பானது. ஆள் வருவதைக் கண்டதும் கூவிக் காட்டிக்கொடுக்கும் பறவை அது. வேட்டைக்குச் சென்று, அக்கூவலால் இரையை இழந்து திரும்பியவனின் அனுபவம் அப்பெயரில் உறைந்து கிடக்கின்றது. இத்தகைய பெயர்களை இட்டவர் யாரென்று கேட்டால், உழைக்கும் மக்கள் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இங்குப் பெயர், பறவை செய்வதைக் கண்டறிந்ததன் பதிவாகும். இவ்வாறு கூறுவதனால் பண்டைச் சமூகம் பறவைகளிடத்துக் கருணை பூண்டிருந்தது என நாம் வாதிடவில்லை. கிளியை ஓட்டினர், காட்டுக்கோழியைக் கண்ணி வைத்துப் பிடித்து உண்டனர். நாம் வற்புறுத்துவது, நோக்குதலும் உழைப்பும் அன்று பிரிந்திருக்கவில்லை என்பதொன்றையே.

3

இவ்விரண்டையும் பிரித்து வைத்த வரலாறு இலங்கை மலைநாட்டில் மிகக் குறுகிய காலத்தில் நிகழ்ந்தது. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டு, பெருந்தோட்டங்களுக்கு விற்பதற்கு வழி திறந்தது. சிங்களக் கிராமத்தவர் மகா எலிய தென்ன என வழங்கிய உயர் புல்வெளிக்கு, 1834 இல் அங்கு ஏறிய பிரித்தானியப் படை அதிகாரிகள் அப்போதைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரை இட்டனர். அன்றிலிருந்து அது ஹோட்டன் சமவெளி ஆயிற்று. கோப்பிப் பயிர்ச்செய்கை உச்சநிலை எய்திய 1878 அளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் நிலம் அதன் கீழ் இருந்தது. அந்நிலத்தின் பெரும்பகுதி காடழித்துப் பெற்றதாகும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளரின் கோடரியே அதனை வெட்டிச் சாய்த்தது. வழியில் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இரையானோர் பலர்.

காட்டை அழித்த அதே அமைப்பு அக்காட்டின் உயிர்களை முதலில் துப்பாக்கிக்கு இலக்காகவும், பின்னர் நூதனசாலைப் பொருளாகவும் நோக்கிற்று. பதுளையில் அதிகாரியாய் இருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரென்று புகழப்பட்டவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை நிறுவ முயன்றதோடு, வேட்டைநாய்களைக் கொண்டு மரை வேட்டையாடியதை விரித்து நூலும் எழுதினார். இவர்களின் சமகாலத்தவரே முதற் பறவை ஆய்வாளரும். பறங்கியர் சமூகத்தில் 1819 இல் பிறந்து இராணுவ மருத்துவராய்ப் பணிபுரிந்த கெலார்ட், 1852 இல் இலங்கை விலங்குகள் பற்றிய தமது முன்னோடி நூலை வெளியிட்டார். குடியியற் சேவை அதிகாரியான எட்கார் லேயார்ட் தாம் சேகரித்தவற்றைக் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்து நூதனசாலைப் பொறுப்பாளர் பிளைத்துக்கு அனுப்பினார். பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ற் லெக், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இலங்கைப் பறவைகளின் வரலாற்றை எழுதினார்.

இவர்களது உழைப்பையும் நுண்ணிய நோக்கையும் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. லெக்கின் நூலை விடுத்து இத்துறையில் எதனையும் எழுத முடியாது. ஆயினும் சேகரிப்பு என்பது தனியொருவர் தொழிலன்று. வழி காட்டியோர், கூடு தேடியோர், சுட்டோர், தோலுரித்துப் பாடம் செய்தோர் என ஓர் உழைப்புப் பிரிவினை அதன் அடியில் இருந்தது. நூலின் முகப்பில் ஒரு பெயரும், அதன் அடியில் பெயரற்ற பல கைகளும் இருந்தன. தோட்டத்தின் கணக்கேட்டிலும் இதே அமைப்பையே காண்கின்றோம்.

4

பெயர்களை ஒப்புநோக்குவோமாயின் இவ்வமைப்பு நன்கு புலப்படும். மலைக்காடுகளுக்குரிய இலங்கைக் காட்டுப்புறாவின் விஞ்ஞானப் பெயர் கொலம்பா டொரிங்டோனியே என்பதாம். 1853 இல் வழங்கப்பட்ட இப்பெயர், 1847 முதல் 1850 வரை தேசாதிபதியாய் இருந்த டொரிங்டனின் குடும்பப் பெயரைத் தாங்குகின்றது. 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இராணுவச் சட்டத்தால் நசுக்கி, அதன் பொருட்டுப் பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே விசாரணைக்கு உள்ளான ஆட்சி அவருடையது. சிங்கள மக்கள் மயிலகொயா என்று அழைத்த பறவை உலக ஏட்டில் அவ்வீட்டுப் பெயரால் நிலைபெற்றது. மலை ஓடைகளின் நிழலில் ஒதுங்கி வாழும் சீழ்க்கைப் பூங்குருவி, 1872 இல் கோப்பித் தோட்டக்காரரான பிளை என்பவரின் பெயரைப் பெற்றது. அப்பறவை வாழ்ந்த காடுகள் கோப்பிக்காக வீழ்த்தப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இவற்றுக்கு நடுவே ஒரு விதிவிலக்கு உண்டு. மஸ்கிகாப்பா முத்துயி என்பது பழுப்பு நிற மார்புடைய ஒரு சிறிய ஈப்பிடிப்பானின் பெயர். 1854 இல் லேயார்ட் இப்பெயரை இட்டார். முத்து என்பவர் அவரது பணியாளர். பருத்தித்துறையில் ஒரு காலைப்பொழுதில் முத்துவே இப்பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். தம்மிடமிருந்த சிறந்த மாதிரிகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறனுமே காரணம் என்பதை லேயார்ட் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அவர் நினைவாகப் பெயரிட்டார். இந்தியாவின் வடகிழக்கிலிருந்து தென்சீனம் வரை இனம்பெருக்கி, குளிர்காலத்தில் மேற்குத்தொடர்ச்சி மலைப் பகுதிக்கும் இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கும் வலசை வரும் பறவை இது. மலைச்சாரல்களில் ஆண்டுதோறும் அது வந்திறங்குகின்றது.

இந்நிகழ்ச்சியை ஒரு நல்ல எசமானின் பெருந்தன்மையாகக் கொண்டாடி முடித்துவிடலாம். அவ்வாறு செய்வது போதாது. லேயார்டின் ஒப்புதல் வாக்குமூலம் அவரது நன்றியுணர்வைக் காட்டுவதிலும் மேலாக, குடியேற்ற விஞ்ஞானத்தின் உற்பத்தி முறையைக் காட்டுகின்றது. சிறந்த மாதிரிகள் பல பணியாளர் ஒருவரின் திறனால் வந்தன என்றால், அத்திறனுக்கு அடிப்படையான அறிவும் அவருடையதே. எந்தப் பறவை எங்கு ஒதுங்கும் என்பதையும், முன் கண்டவற்றினின்று இது வேறு என்பதையும் கண்ட கண் முத்துவின் கண். ஆயினும் அவ்வறிவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது அது லேயார்டின் அறிவாயிற்று. முத்துவுக்கு எஞ்சியது பெயர் மாத்திரமே. ஏனையோருக்கு அதுவும் எஞ்சவில்லை.

5

கோப்பியை அழித்த இலைநோய் 1869 இல் தோன்றிற்று. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடழிப்பு ஓயவில்லை. 1873 இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்குமாறு ஆலோசனை கூறினார். அரசு அதனை ஏற்றது. நீரும் மண்ணும் காலநிலையும் கெடுமாயின் தோட்டமும் கெடும் என்ற உணர்வு இதற்குத் துணைநின்றது. இன்று எஞ்சியுள்ள மலைக்காடுகள் அம்முடிவினால் பிழைத்தவை என்பதை மறுத்தல் தகாது. 1894 இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. வேட்டையாடுவோர் தம் வேட்டைப்பொருள் அருகுவதைக் கண்டு அமைத்த சங்கமே பிற்காலத்தில் வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் பின்னர் பணிபுரிந்த ஜீ. எம். ஹென்றி, தேயிலைத் தோட்டமொன்றில் 1891 இல் பிறந்தவர். 1955 இல் வெளிவந்த அவரது பறவைக் கைந்நூல், சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தந்தமையால் பொதுமக்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. எனினும் லேயார்ட் முதலியோர் தமிழ்ப் பெயர்களைக் கேட்டுக் குறித்தது பெரிதும் வடபுலத்திலேயாம். தேயிலை மலையில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழரிடம் அவ்வாறு சென்று கேட்டோர் அரியர்.

இலங்கைப் பறவைக் கழகம் 1943 இல் தோன்றிற்று. ஐந்தாண்டுகளின் பின் வந்த 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. பறவைப் பட்டியல்களில் வதியும் இனம், வலசை வரும் இனம் என்ற பாகுபாடு உண்டு. வலசை வருவதும் நாட்டின் பறவையாகவே எண்ணப்படுகின்றது. மலையை விளைநிலமாக்கிய மக்களுக்கு அத்தகைய இடம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. நாளை அனுப்பப்படலாம் என்ற நிலையில் வைக்கப்பட்ட மக்களிடம், சுற்றியுள்ள காடு உங்களுடையது, அதனைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வதற்கு யாருக்கு உரிமை இருந்தது?

6

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. 1988 இல் தேசிய பூங்காவான ஹோட்டன் சமவெளி, 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தொகுதியில் இடம்பெற்றது. அழிந்துவிட்டதோ என அஞ்சப்பட்ட அம்மலைத் தேவாங்கு 2009 இல் நிழற்படத்திற் பதிவாயிற்று. இவை மகிழ்ச்சிக்குரியன. ஆனால் காட்டுக்கும் தேயிலைக்கும் இடைப்பட்ட எல்லையில் வேறொரு நிலைமை நிலவுகின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்சபானப் பகுதியில் கம்பிக் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இறந்தது. இத்தகைய கண்ணிகள் பெரும்பாலும் மரக்கறிப் பாத்திகளை அழிக்கும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. நாட்கூலி போதாமல் லயத்தின் பின்புறம் பயிரிடுவோரைக் காட்டின் பகைவராகச் சித்திரிப்பது எளிது. கண்ணி வைப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. அது சிறுத்தையையும் கொல்லும், மனிதரின் காலையும் அறுக்கும். ஆனால் சிறுத்தை எவ்வழியில் வருகின்றது, எந்த மாதத்தில் குட்டியோடு திரிகின்றது என்பதை நன்கு அறிந்தவர்களும், விடியற்காலையில் மலையேறும் அதே தொழிலாளர்களே. அவர்களைக் குற்றவாளிகளாக மாத்திரம் காணும் பாதுகாப்பு இயக்கம், தனக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அவதானிகளை இழந்துவிடுகின்றது.

நமது தவறும் இதில் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் ஒரு மக்கட் கூட்டத்தின் துயரமும் சீற்றமும் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றன. அப்பாடல்களைப் போற்றிய நாம், அம்மக்களின் இயற்கை அறிவைத் தொகுப்பதற்கு உரிய பொருளாகக் கருதவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைச் செடியிடைக் காணும் கூட்டுக்கு என்ன பெயர் சொல்கின்றனர், மழைக்கு முன் கத்தும் பறவையை எவ்வாறு அழைக்கின்றனர், தமிழகத்திலிருந்து கொண்டுவந்த பெயர்கள் எவை, இங்கு வந்தபின் புதிதாகப் படைத்தவை எவை, சிங்கள அயலவரிடமிருந்து பெற்றவை எவை என்பன மொழியியலுக்கும் சமூக வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும் வினாக்கள். முதிய தலைமுறை மறையுமுன் இவற்றைக் கேட்டெழுதுதல் வேண்டும்.

இதற்கு மலை ஏறித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. கொட்டாஞ்சேனையின் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞரும் பெண்களும் பலர். அவர்கள் சிறுபிராயத்தில் பாட்டியிடம் கேட்ட பெயர்கள் இன்னும் அவர்கள் நாவில் உண்டு. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடு அவர்களை அணுகி, பெயரையும் அது வழங்கும் தோட்டத்தையும் சொன்னவரின் வயதையும் எழுதத் தொடங்கலாம். சொன்னவர் இசைந்தால் அவரது பெயரும் அங்கு எழுதப்படல் வேண்டும். முத்துவுக்கு ஒருவர் செய்த மரியாதை தற்செயலாக நேர்ந்தது. அதனை ஆய்வின் நெறியாக்குவது நம் கையில் உள்ளது.