கண்ணாடியில் ஒரு மயில் தலை

அச்சில் அழுத்திச் செய்த பழைய கண்ணாடிப் பூச்சாடியை ஆக்கியவர் யார் என வினவுவோமாயின், விடை சிலவேளை அதன் அடியிலேயே புடைத்து நிற்கும். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்துச் சவர்பி ஆலை 1876இல் மயில் தலையைத் தன் முத்திரையாகப் பதிவு செய்தது. 1842 முதல் 1883 வரை அந்நாட்டில் பதிவான வடிவங்கள் சாய்சதுரக் குறியைத் தாங்கின; உச்சியிலுள்ள ரோமன் எண் மூன்று கண்ணாடியைக் குறித்தது; மூலைகளின் எழுத்துகளும் எண்களும் பதிவு நாளைக் கூறின. 1884 முதல் தொடர் எண் அவ்விடத்தைப் பெற்றது.

ஆயினும் அக்குறி உரிமையாளரையே சுட்டுகிறது. உருகிய கண்ணாடியை உலையினின்று எடுத்தவர், நெம்புகோலை அழுத்தியவர், மீண்டும் தீயில் காட்டி மெருகேற்றியவர் ஆகியோரின் பெயர் அதில் இல்லை. முத்திரையைப் படிப்பது ஆய்வு. அது மறைத்த கைகளை நினைப்பது நீதி. தச்சரின் மகன் என்றழைக்கப்பட்டவரை வழிபடும் நாம் இரண்டிற்கும் கடமைப்பட்டுள்ளோம்.