பேர்ல என்ன இருக்கு, எல்லாம் நம்பர்தான்!

சில வருஷம் முன்னாடி நான் அடிச்ச கூத்து இது. ரெண்டு லினக்ஸ் சர்வர், ரெண்டுலயும் ஆரக்கிள் நிறுவணும். ரெண்டுலயும் 'ஆரக்கிள்'ங்கிற பேர்லயே ஒரு யூசரை உருவாக்கிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு டீ குடிக்கப் போயிட்டேன். ராத்திரி முதல் சர்வர் தன்னோட பேக்கப்பை என்எஃப்எஸ் வழியா ஒரு பொது டிஸ்க்கில் எழுதியது. காலையில் ரெண்டாவது சர்வரில் போய்ப் பார்த்தால், அத்தனை கோப்புக்கும் சொந்தக்காரர் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன்! அவன் நினைச்சா மொத்தத்தையும் அழிக்கலாம். ஆரக்கிள் யூசரால் திறக்கக்கூட முடியலை.

காரணம் ரொம்ப சிம்பிள். பேரெல்லாம் நமக்குத்தான், கெர்னலுக்குத் தெரிஞ்சது நம்பர் மட்டும்தான். முதல் சர்வரில் ஆரக்கிள் 501. ரெண்டாவதில் 501 அந்தப் பையன், ஆரக்கிள் 502. என்எஃப்எஸ் அனுப்பினது வெறும் 501.

இது நேத்து வந்த தலைவலி இல்லைங்க. 1970-களில் யூனிக்ஸ்னா ஒரே மெஷின், அதைச் சுத்திப் பல டெர்மினல். ஒரே ஒரு பாஸ்வேர்டு கோப்பு போதும். 1980-களில் மேசைக்கு ஒரு மெஷின் வந்ததும் ஆளாளுக்கு ஒரு கோப்பு ஆயிடுச்சு. 1985-ல் என்எஃப்எஸ்ஸை வெளியிட்ட சன் நிறுவனமே, எல்லா மெஷினும் ஒரே பட்டியலைப் பார்க்கட்டும்னு 'யெல்லோ பேஜஸ்' கொடுத்தது. அந்தப் பேர் பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் டிரேட்மார்க். அதனால என்ஐஎஸ்னு மாத்தினாங்க. ஆனா ஒய்பி-கேட், ஒய்பி-பைண்டுன்னு கமாண்டுகளில் பழைய பேர் ஒட்டிக்கிட்டே இருந்தது. அதுல ஒரு பெரிய ஓட்டை: ஒய்பி-கேட் அடிச்சா எல்லாரோட பாஸ்வேர்டும், என்கிரிப்ட் செய்த வடிவில், யார் கைக்கும் கிடைச்சுடும்.

எம்ஐடியில் 1983-ல் தொடங்கின அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ், பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போகாமலே ஆளை உறுதிப்படுத்தும். ஆனா அந்த ஆளோட நம்பரைச் சொல்லாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் ஆர்எஃப்சியா வந்தது எல்டாப். அதுக்குள்ள யூனிக்ஸ் நம்பரை எப்படி வைக்கிறதுன்னு 1998 மார்ச்சில் லூக் ஹோவர்டு எழுதினதுதான் ஆர்எஃப்சி 2307. அதே 1998-ல்தான் ஓப்பன்எல்டாப் தொடங்கியது, ஆரக்கிளும் லினக்ஸுக்கு வந்தது. என்ஐஎஸ்ஸை 2022-ல் வந்த ரெட் ஹேட் 9 தூக்கியே விட்டது.

அப்போ ஆரக்கிள் யூசரையும் எல்டாப்பில் போட்டுடலாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கரண்ட் போய் வரும்போது எல்டாப் சர்வர் எழுந்திருக்கலைன்னா? 'ஆரக்கிளா, யாரு அது?'ன்னு மெஷின் கேட்கும். டேட்டாபேஸ் எழுந்திருக்காது.

அதனால என் கட்சி இதுதான். மனுஷங்க கணக்கு மையத்துல இருக்கணும். ஒருத்தர் வேலையை விட்டுப் போனா ஒரே இடத்துல மூடிடலாம். மென்பொருளோட கணக்கு அந்தந்த மெஷின்லயே இருக்கட்டும், ஆனா எல்லா மெஷினிலும் ஒரே நம்பர், குரூப்புக்கும் அப்படியே. டிபிஏக்கள் தங்கள் பேரில் நுழைஞ்சு, சூடோ வழியா ஆரக்கிளாக மாறட்டும். யார் என்ன செஞ்சாங்கன்னு லாகில் நிக்கும்.

நம்பரை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. அப்புறம் யூசர்மாட்ல மாத்தினா, ஹோம் டைரக்டரிக்குள்ள இருக்கிற கோப்புகள் மட்டும்தான் மாறும். மத்ததெல்லாம் பழைய நம்பரிலேயே கிடக்கும், நாமதான் ஃபைண்டு போட்டுத் தேடித்தேடி மாத்தணும். நான் மாத்தினேன், ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு :-(

ரெட் ஹேட்டில் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 26, மைஎஸ்க்யூஎல்லுக்கு 27னு நிரந்தரமா எழுதியே வச்சிருக்காங்க. ஆரக்கிள் லினக்ஸின் ப்ரீஇன்ஸ்டால் பொதியில் ஆரக்கிள் யூசருக்கு நம்பர் 54321. பார்த்ததும் சிரிப்பு வந்தது. யாரோ என்னை மாதிரி அடி வாங்கின ஆள்தான் இதை முடிவு பண்ணியிருக்கணும் :-)