நிலத்தடி மின்வட வெப்பக் கண்காணிப்பு

மண்ணுக்குள் புதைத்த மின்வடம், பேச்சுவழக்கில் யூ.ஜி. கேபிள், எந்த இடத்தில் எவ்வளவு சூடாகிறது என்பதை மின்சாரம் ஓடும்போதே அறியும் முறை.

மேல்நிலைக் கம்பியின் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும். புதைத்த வடத்துக்கு மண்தான் கதி. ஈரமண் வெப்பத்தைக் கடத்தும்; காய்ந்த மண் கம்பளிபோலப் பொத்திவைக்கும். போடிநாயக்கனூர் மலைச்சரிவில் இந்த இரண்டு மண்ணையும் ஒரே நாளில் மிதித்துவிடலாம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் நிழலும் ஈரமும். கீழே மழைமறைவுப் பக்கம் கோடையில் வறண்டு கிடக்கும். மெட்டிலிருந்து ஊர்வரை ஒரே வடத்தைப் புதைத்ததாக வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதை மேலேயுள்ள ஈரமண் முடிவுசெய்யாது. கீழே காய்ந்த சில நூறு மீட்டர்தான் முடிவுசெய்யும்.

ஏலக்காய் உலர்த்தும் அறையில் சூடு ஏறினால் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கலாம். வடத்துக்குக் கதவு கிடையாது. எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன்) காப்பிட்ட வடத்தின் உட்கம்பி தொடர்ந்து 90 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது. போனால் காப்பு விரைவாக மூப்படையும். சூடேறிய வடம் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும் விரட்டிவிடும். காய்ந்த மண் வடத்தை மேலும் சூடாக்கும்.

வடத்தின் சூட்டை அறியத் தொடக்கத்தில் எல்லாம் கணக்குதான். 1957-இல் பொறியாளர்கள் நெகரும் மெக்ராத்தும் அமெரிக்காவில் வெளியிட்ட கட்டுரை அந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியது. வடத்தின் மேலுறையில் வெப்பமின் இரட்டைகளைக் கட்டும் வழக்கமும் இருந்தது. ஆனால் அவை கட்டிய இடத்தை மட்டுமே சொல்லும். கோளாறோ பெரும்பாலும் வேறெங்காவது இருக்கும். புதைவடங்கள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று: 1998-இன் கடுங்கோடையில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் தந்த 110 கிலோவோல்ட் வடங்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. அந்தப் பகுதி ஏறத்தாழ ஐந்து வாரம் மின்சாரமின்றித் தவித்தது.

வடம் முழுவதையும் அளக்கும் வழியை 1980-களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். வடத்தோடு ஓடும் கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால், சிதறித் திரும்பும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறியிருக்கும். அதில் அலைநீளம் குறைந்த கூறு சூட்டுக்கேற்ப வலுப்பெறும். அலைநீளம் கூடிய கூறு அவ்வளவாக மாறாது. இரண்டின் விகிதம் வெப்பநிலையைத் தரும், திரும்பிவந்த நேரம் இடத்தைத் தரும்: ஒரு மீட்டர் தள்ளிப்போனால் சுமார் 10 நானோவினாடி தாமதம்.

இந்த நிறமாற்றம்தான் 1928-இல் கல்கத்தாவில் கண்டறியப்பட்ட ராமன் விளைவு. சி. வி. ராமன் திருச்சிக்காரர். அவருடன் அந்தச் சோதனைகளைச் செய்த கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு, தேனிப் பக்கமிருந்து பார்த்தால் வருசநாட்டு மலைக்கு அந்தப்புறம். நோபல் பரிசு 1930-இல் ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணன் பெயரைப் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

நீண்ட புதைவடங்கள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டன. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுசெல்லும் 320 கிலோவோல்ட் நேர்மின் பாதை, 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. கேரளத்தில் அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது. போடிச் சரிவில் பெரும்பாலும் இன்னும் மேல்நிலைக் கம்பிகள்தான்.

வெப்பத்தை அளக்கும் கண்ணாடி இழை, வடத்தின் வெளிப்புறத்தை ஒட்டியே இருப்பதால், உட்கம்பியின் சூட்டை அது நேரடியாகக் காட்டாது. அதற்கு இன்றும் நெகர்–மெக்ராத் வழிக் கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது.